அழையா விருந்தாளிகள் முப்பத்தேழு பேர்

அத்தியாயம் 4

ஒருத்தியைத் திருடி என்று சொல்வதற்கு முன்னால் அவள் எதைத் திருடினாள் என்றாவது தெரிந்திருக்க வேண்டும். லாலேவோ கிராமத்து வாசல் குழு அந்தச் சிரமத்தையெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. தேசியப் பூங்காவின் வாசலைக் காக்கும் ராத்காவிடமிருந்து நேற்றே சாவியையும் தொப்பியையும் வாங்கிவிட்டார்கள். இன்று மாலை ஐந்து மணிக்குக் கூடி வேலையையும் வாங்கிவிடுவார்கள். வேலை போனால் வாசலை ஒட்டிய இரண்டறை வீடும் போகும். அந்த வீட்டில் ராத்காவும் அவளுடைய இரண்டு பெண்களும் குடியிருந்தார்கள்.

அந்த வீட்டுச் சமையலறையில்தான் துப்பறியும் பிஸ்த்ரா இப்போது உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். இருபத்தேழு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். டிக்கெட் இல்லாதவனை மூஞ்சியை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். வேலையை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை, அதையே தொழிலாக்கிக்கொண்டாள். பக்கத்தில் அவளுடைய உதவியாளன் மெத்தோடி. ப்ளோவ்திவ் நகரத்தில் பதினைந்து வருஷம் டாக்சி ஓட்டியவன். வண்டி நின்றாலும் வாய் நிற்காது.

"மணி ஒம்பதே கால் மேடம்," என்றான் மெத்தோடி. "நமக்கு ஏழே முக்கால் மணி நேரம் இருக்கு. காப்பிக்கு மட்டும் அரை மணி எடுத்துக்கிட்டீங்க."

"உன் வாய்க்கு அரை மணி போகும். மிச்சத்துல வேலையைப் பாப்போம்." பிஸ்த்ரா ராத்கா பக்கம் திரும்பினாள். "நீ முதல்லேருந்து சொல்லு. மேல ஏரிக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர் போகலாம்?"

"அறுபது பேர்க்கா. அதுக்கு மேல போனா கரையில இருக்கிற பூவெல்லாம் மிதிபட்டே செத்துடும். வாராவாரம் இன்டர்நெட்ல குலுக்கல் போடுவாங்க. பேர் விழுந்தவங்களுக்குச் சீட்டு. நான் சீட்டைப் பாத்து உள்ள விடுவேன்."

"வாசலைத் தாண்டினதும் வர்ற பாலத்துல தலையை எண்ற மிஷின் என்ன சொல்லுது?"

"அங்கதான்க்கா வம்பு. ஒரு நாள் தொண்ணூறுங்குது. ஒரு நாள் நூறைத் தாண்டுது. மிச்சப் பேரை நான் காசு வாங்கிட்டு விட்டேன்னு மேயர் சொல்றாரு."

"விட்டியா?"

"விட்டேன். காசு வாங்கல. அவங்கெல்லாம் பெயர்நாளுக்குப் போனவங்க."

மெத்தோடி ரொட்டியைக் கடிப்பதை நிறுத்தினான். பெயர்நாள் என்றால் ஒருவர் எந்தப் புனிதரின் பெயரை வைத்திருக்கிறாரோ அந்தப் புனிதரின் நாள், அன்றைக்கு அவர் வீட்டில் விருந்து. பூங்கா வந்தபோது ஊர்க்காரர்கள் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் சண்டை போட்டார்கள். எல்லைக்குள் குடியிருப்பவர் வீட்டுப் பெயர்நாளுக்கு வரும் விருந்தாளியை யாரும் தடுக்கக் கூடாது. அது ஆறாம் விதியாக வாசல் பலகையில் எழுதியே இருக்கிறது. எழுதியவர்கள் கவலைப்படவில்லை. உள்ளே கோஷாரா என்ற குடியிருப்பில் ஒரே ஒரு வீடு. அதில் ஒரே ஒருத்தர், ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் எவ்தோகியா. புனித எவ்தோகியாவின் நாள் மார்ச் ஒன்றாம் தேதி. அன்றைக்குப் பாதையில் இடுப்பளவு பனி கிடக்கும், நரி கூடப் போகாது.

"இது ஜூலை," என்றாள் பிஸ்த்ரா. "யாருக்குப் பெயர்நாள்னு கேட்டியா?"

ராத்கா காது வரை சிவந்தாள். "அதெப்படிக்கா கேக்கறது?"

மெத்தோடிக்கு அவள் சங்கடம் புரிந்தது. பெயர்நாளுக்கு யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. நினைவு வைத்துக்கொண்டு வருகிறவர் வருவார், வந்தவர் சாப்பிடுவார், அவ்வளவுதான். பூவும் கையுமாக நிற்பவரிடம் போய் யார் வீட்டுக்கு, கூப்பிட்டார்களா என்று ஒருத்தி கேட்டால் அந்தக் கதையை ஊர் மூன்று தலைமுறைக்குச் சொல்லிச் சிரிக்கும்.

"சரி, அந்த டீச்சர்கிட்டயாவது கேட்டிருக்கலாமே?" என்றான் மெத்தோடி.

"எட்டு வருஷம் எனக்குக் கணக்கு எடுத்தவங்க அண்ணே. இன்னிக்கும் அவங்களைப் பாத்தா எனக்கு ஏழாம் வாய்ப்பாடு மறந்துடும். நான் எங்க போய்க் கேக்கறது?"

மேயர் க்ருமோவ் குழுவுக்குக் கொடுத்திருந்த அறிக்கையில் வாரக் கணக்கு மட்டும்தான் இருந்தது. நல்ல வேளையாக ராத்கா தினமும் சாயங்காலம் மிஷினில் பார்த்த எண்ணைத் தன் பெண்ணின் பழைய நோட்டில் குறித்து வைத்திருந்தாள். பிஸ்த்ரா அதை மெத்தோடியிடம் தள்ளினாள்.

"அறுபதைத் தாண்டின நாளை மட்டும் படி."

"எட்டாம் தேதி, எண்பத்து நாலு. பதினொண்ணு, தொண்ணூத்தொண்ணு. பதினேழு, தொண்ணூத்தாறு. இருபது, நூத்திப் பன்னெண்டு. அப்புறம் இருபத்திரெண்டு, இருபத்து நாலு, இருபத்தஞ்சு. எல்லாம் தொண்ணூறுக்கு மேல."

"மத்த நாள்?"

"அறுபது. இல்லாட்டி ஐம்பத்தெட்டு. ஒரு தலை அதிகமில்ல."

"இதுல சனி, ஞாயிறு எத்தனை?"

மெத்தோடி காலண்டரைப் பார்த்தான். "ஒரே ஒரு சனிக்கிழமை."

"திருட்டு டிக்கெட் விக்கிறவன் கூட்டம் வர்ற நாள்ல விப்பான். இவ திங்கட்கிழமையும் புதன்கிழமையுமா பாத்து வித்திருக்கா. இவ்வளவு மோசமான வியாபாரியை நான் பாத்ததில்ல." பிஸ்த்ரா காப்பிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். "மறுபடி படி. எண்ணிக்கையை விடு. தேதி மட்டும்."

"எட்டு. பதினொண்ணு. பதினேழு. இருபது..." மெத்தோடி நின்றான். "இருபது இலியா நாள் மேடம். என் பழைய மாமனார் பேரு இலியா. வருஷா வருஷம் அன்னிக்குத்தான் அவர் என்னைப் பத்தி மனசுல இருக்கிறதையெல்லாம் சொல்லுவாரு."

"நல்ல மனுஷன். பதினேழு?"

"மரீனா. நான் ஒரு மரீனாவை..."

"அந்தக் கதை வேணாம். பதினொண்ணு?"

"ஓல்கா. எட்டு, ப்ரொகோப்பி. இருபத்திரெண்டு மக்தலேனா, இருபத்து நாலு ஹ்ரிஸ்தினா, இருபத்தஞ்சு ஆனா." அவன் நோட்டை மூடினான். "ஒண்ணு கூடத் தப்பல. அத்தனையும் பெயர்நாள். இவ சொன்னது நிஜம்."

"இன்னிக்குத் தேதி?"

"இருபத்தேழு. பான்டெலெய்." ராத்காவே சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். "ஆனா மேல அப்படியெல்லாம் யாரும் கிடையாதேக்கா. டீச்சர் மட்டும்தானே இருக்காங்க. நான் நிஜம் சொல்றேன்னு நீங்க சொன்னா, இல்லாத மனுஷங்களுக்கு விருந்தாளி வந்தாங்கன்னு சொல்லணும். யாரு நம்புவாங்க?"

"இருக்காங்களா இல்லையான்னு பாத்துடுவோம்," என்றாள் பிஸ்த்ரா. "இந்த ஊர்ல வாக்காளர் பட்டியல் எங்க ஒட்டுவாங்க?"

◆

பிள்ளைகள் இல்லாததால் லாலேவோ பள்ளிக்கூடத்தை மூடி ஆறு வருஷம் ஆகிறது. தேர்தலுக்கு மட்டும் திறப்பார்கள். போன அக்டோபர் உள்ளாட்சித் தேர்தலுக்கு ஒட்டிய பட்டியல் கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் பழுப்பேறிக் கிடந்தது. அதைக் கிழிப்பது யார் வேலை என்று இன்னும் முடிவாகவில்லை.

மெத்தோடி எக்கி நின்று படித்தான். "கோஷாரா, வீட்டு எண் ஒண்ணு. ஆனா. பான்டெலெய். ப்ரொகோப்பி. மரீனா. மக்தலேனா. மூணு இவான், ரெண்டு கியோர்கி..." விரலை வைத்து எண்ணினான். "டீச்சரோட சேத்து முப்பத்திரெண்டு பேர். மேடம், அந்த வீட்டுக்கு எத்தனை ரூம்?"

"ரெண்டுன்னு ராத்கா சொன்னா."

"அப்ப ஒருத்தர் மேல ஒருத்தர் அடுக்கினாலும் எவனாவது காலை ஜன்னலுக்கு வெளிய நீட்டணும்."

"இது பத்து மாசமா எல்லார் கண்ணு முன்னாடியும் தொங்குது."

"பட்டியல்ல அவனவன் பேரைத்தான் அவனவன் பாப்பான். என் பேரு இருக்கா, இருக்கு, போயிடுவான்." மெத்தோடிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "டீச்சர் பெரிய கில்லாடி மேடம். முப்பத்தோரு பேரைப் பதிஞ்சு வெச்சுட்டு, வாரம் ரெண்டு பெயர்நாள். விருந்தாளிகிட்ட தலைக்கு ஒரு தொகை. குலுக்கல்ல விழாதவன் எவ்வளவு கேட்டாலும் குடுப்பான். கேஸ் முடிஞ்சுது. மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்க போறோம்?"

"கோஷாராவுக்கு," என்றாள் பிஸ்த்ரா. "பூ வாங்கு."

◆

அவன் கடையில் பன்னிரண்டு பூ வாங்கி வந்தான். பிஸ்த்ரா அதில் ஒன்றை உருவி அவன் சட்டைப் பையில் செருகினாள்.

"இரட்டைப்படையில பூ பிணத்துக்குக் கொண்டு போறது. உன் கல்யாணம் ஏன் ரெண்டு வருஷத்துல முடிஞ்சுதுன்னு இப்பத் தெரியுது."

வாசலில் ராத்காவுக்குப் பதிலாக மேயரின் மச்சான் வெல்கோ நின்றான். ராத்காவின் தொப்பி அவன் தலையில் பாதிதான் ஏறியிருந்தது. ஒரு ஈ கூடச் சீட்டில்லாமல் நுழையக் கூடாது என்று மேயர் காலையில் அவனிடம் மேஜையைத் தட்டிச் சொல்லியிருந்தார். அதை அவனே பெருமையாக இவர்களிடம் சொன்னான்.

"சீட்டு?"

"பெயர்நாள்," என்றான் மெத்தோடி, பூவைத் தூக்கிக் காட்டி.

வெல்கோ வாயைத் திறந்தான். மூடினான். கேள்வி தொண்டை வரைக்கும் வந்து நிற்பது மெத்தோடிக்கே தெரிந்தது. கடைசியில் அவன் கழுத்தைச் சொறிந்துகொண்டு தடுப்புக் கட்டையைத் தூக்கினான்.

"என் வாழ்த்தையும் சொல்லிடுங்க," என்றான், யாருக்கு என்று சொல்லாமல்.

"இதுவரைக்கும் இன்னிக்கு எத்தனை பேர் பெயர்நாளுக்குப் போனாங்க?" என்று பிஸ்த்ரா சாதாரணமாகக் கேட்டாள்.

"உங்களோட முப்பத்தேழு." சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. "மேயர்கிட்ட சொல்லாதீங்க அக்கா."

"சொல்லாம எப்படிப்பா இருப்பேன்," என்று அவன் தோளைத் தட்டிவிட்டு அவள் நடந்தாள்.

ஒரு மணி நேர ஏற்றம். வழியில் ஒரு குடும்பம் கேக் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறியது. ரூஸே நகரத்து நர்ஸ் ஒருத்தி இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். ஐந்து முறை குலுக்கலுக்கு எழுதி ஐந்து முறையும் தோற்றவள்.

"எவ்வளவு வாங்கறாங்க?" என்று மெத்தோடி ரகசியமாகக் கேட்டான்.

"என்னத்தை?"

"காசு."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "பெயர்நாள் வீட்டுலயா?" என்று கேட்டுவிட்டு வேகமாக முன்னால் போய்விட்டாள். மெத்தோடியின் கேஸ் அங்கேயே பாதி சரிந்தது.

◆

கோஷாரா வீட்டின் முன்னால் வாதுமை மரத்தடியில் நீளமான மேஜை போட்டிருந்தது. நடுவில் ஒரு அண்டா பீன்ஸ் சூப். எவ்தோகியா டீச்சர் கழுத்தில் விசிலோடும் கையில் கரண்டியோடும் நின்றிருந்தார். அறுபத்தெட்டு வயது, நேரான முதுகு. மேஜையின் தலைமாட்டில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன் முன்னால் ஒரு கோப்பையில் ராக்கியா என்ற பழச் சாராயம் ஊற்றி வைத்திருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவரும் அந்தக் காலி நாற்காலிக்கு முகம் மாறாமல் வாழ்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள்.

மெத்தோடியும் நாற்காலியைப் பார்த்து, "ஆயுசு நூறு பான்டெலெய்," என்றான். பிறகு டீச்சரிடம், "ஆளை எங்க காணோம்?"

"வெளியூர்."

"எப்பப் போனார்?"

"வந்ததே இல்ல," என்றார் டீச்சர். "உக்காரு. சூப் ஆறிடும்."

பிஸ்த்ரா தான் யார் என்று சொன்னாள். டீச்சர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. கரும்பலகையில் தான் விட்ட தப்பைப் பையன் ஒருத்தன் கண்டுபிடித்துவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு மட்டும் வந்தது.

"நான் யாரையும் கூப்பிடல. கீழ நகரத்து பஸ் ஸ்டாண்டுல வாழ்த்து மட்டும் ஒட்டுவேன். கோஷாரா ஒண்ணாம் நம்பர் வீட்டு பான்டெலெய்க்குப் பெயர்நாள் வாழ்த்துகள், அவ்வளவுதான். குலுக்கல்ல தோத்தும் ஆசையில வந்து பாக்கறவங்க அந்த ஸ்டாண்டுலதான் மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருப்பாங்க. படிச்சாங்க, வந்தாங்க."

"குலுக்கல்ல என்ன தப்பு டீச்சர்?" என்றாள் பிஸ்த்ரா. "எல்லாருக்கும் ஒரே வாய்ப்புதானே."

"தப்பே இல்ல. நான் கணக்குப் போட்டுப் பாத்தவ. ஆனா அதுக்கு ஞாபகம் கிடையாது. ஒருத்தி அஞ்சு தடவை தோத்துட்டு வந்தாலும் ஆறாவது தடவை அவளைப் புதுசாத்தான் பாக்கும். போன வாரம் ஜெயிச்சவனையும் புதுசாத்தான் பாக்கும். மனுஷங்க வாழ்க்கை அப்படி இல்லையே. அதான் ஞாபகம் வெச்சுக்கிற வேலையை நான் எடுத்துக்கிட்டேன்."

"ஏரியை யார் ஞாபகம் வெச்சுக்கறது?"

அந்தக் கேள்வி டீச்சரைத் தைத்தது. அவர் மேஜை நுனியில் உட்கார்ந்தார்.

"பத்துப் பத்துப் பேராத்தான் அனுப்பறேன். கல்லு மேலதான் நிக்கணும். புல்லுல ஒரு கால் பட்டா விசில் ஊதுவேன். இலியா நாள்ல அம்பத்திரெண்டு பேர் வந்து நின்னாங்க. எனக்கே பயமாப் போச்சு. அன்னிக்கு யாரையும் ஏரிக்கு அனுப்பல. சூப்பைக் குடுத்துத் திருப்பி அனுப்பிட்டேன்."

"பீன்ஸைப் பாத்துட்டே ஊருக்குப் போனாங்களா?" என்றான் மெத்தோடி.

"ரெண்டு தட்டுப் பாத்துட்டுப் போனாங்க." அவர் முகம் மறுபடி இறுகியது. "இது சரியான வழி இல்லன்னு எனக்கும் தெரியும். யாராவது வந்து ஏன்னு கேக்கணும்னுதான் பண்ணேன். நீங்கதான் முதல்ல கேட்ட ஆள்."

"முப்பத்தோரு பேரை எதுக்குப் பதிஞ்சீங்க?"

"நான் பதியல." டீச்சர் எழுந்து உள்ளே போய் ஒரு பழுப்பு உறையோடு வந்தார். "போன அக்டோபர்ல ஓட்டுப் போடப் போனேன். பள்ளிக்கூடக் கதவுல பாத்தா என் வீட்டுல ஒரு கிராமமே இருக்கு. இவங்கள்ல ஒருத்தரும் இங்க இல்லன்னு மாவட்டத்துக்குப் புகார் எழுதினேன். விசாரிச்சுப் பதில் அனுப்பினாங்க. படிங்க."

பிஸ்த்ரா படித்தாள். கடைசி வரியிலிருந்த கையெழுத்துக்கு வந்ததும் அவள் உதடு கோணியது. மெத்தோடி நாலு வருஷத்தில் இரண்டே தடவைதான் அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்கிறான். இரண்டு தடவையும் யாரோ ஜெயிலுக்குப் போனார்கள்.

"யார் கையெழுத்து மேடம்?"

"அஞ்சு மணிக்குச் சொல்றேன்." காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். "டீச்சர், இதனால கீழ ராத்காவுக்கு வேலை போகப் போகுது. உங்களுக்குத் தெரியுமா?"

டீச்சருக்குத் தெரியாது. மேலே போன் எடுக்காது, கேட்டுச் சொல்ல ஆளும் கிடையாது. அவர் கரண்டியை வைத்தார், இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்தார், விசிலை அந்த ரூஸே நர்ஸின் கழுத்தில் மாட்டினார்.

"பத்துப் பத்துப் பேர். புல்லுல கால் வெச்சா ஊது," என்று சொல்லிவிட்டு, இவர்களுக்கு முன்னால் இறங்க ஆரம்பித்தார். "அந்தப் பொண்ணுக்குக் கணக்கு வராது. பொய்யும் வராது."

◆

ஊர்மன்றத்தில் சரியாக ஐந்து மணிக்கு மேயர் க்ருமோவ் மணியை அடித்தார். கொழுகொழுவென்று, நன்றாகப் பேசுகிற மனிதர். பக்கத்தில் குழு உறுப்பினர்கள் மூன்று பேர். ஓரத்தில் மாவட்டத்திலிருந்து வந்த பூங்கா அதிகாரி வெலிச்கோவா, நடப்பதை எழுதிக்கொண்டிருந்தார். மெலிந்த பெண்மணி, தலையைத் தூக்காமலே எழுதுவார். எதிரே ராத்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இந்தம்மா சொல்றது என்னன்னா," என்று மேயர் ஆரம்பித்தார், "சீட்டில்லாம போனவங்க எல்லாம் பெயர்நாள் விருந்தாளியாம். கோஷாராவுல ஜூலை மாசத்துல யாருக்குப் பெயர்நாள்? கேட்டா தெரியாதாம். நாம என்ன குழந்தைங்களா?"

"மேயர் சார், ஒரு சந்தேகம்," என்று பிஸ்த்ரா எழுந்தாள். "இன்னிக்கு வாசல்ல ராத்கா இல்ல. உங்க மச்சான் இருந்தார். இன்னிக்கும் முப்பத்தேழு பேர் அதிகம். அவரும் காசு வாங்கிட்டாரா?"

பின்வரிசையில் வெல்கோ தலையைக் குனிந்தான்.

"அவனை ஏமாத்திட்டாங்க," என்றார் மேயர் கொஞ்சம் வேகமாக. "பெயர்நாள்னு பொய் சொல்லி நுழைஞ்சிருக்காங்க. கோஷாராவுல எவ்தோகியா டீச்சரைத் தவிர ஒரு ஆள் கிடையாது. இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும்."

"உறுதியா சொல்றீங்களா?"

"என் வீட்டுல எத்தனை பேர்னு எனக்குத் தெரியாதா? அப்படித்தான் இதுவும்."

பிஸ்த்ரா அதிகாரி பக்கம் திரும்பினாள். "அம்மா, மேயர் சொன்னதை அப்படியே எழுதிக்கிட்டீங்களா? டீச்சரைத் தவிர ஒரு ஆள் கிடையாது."

"எழுதிட்டேன்."

"அப்ப இதையும் பக்கத்துல வெச்சுக்கங்க." அவள் பழுப்பு உறையைப் பிரித்தாள். "போன நவம்பர் மாசம் டீச்சர் எழுதின புகாருக்கு வந்த பதில். படிக்கறேன். 'கோஷாரா முதல் எண் வீட்டுக்கு நானே நேரில் சென்று பார்த்தேன். பட்டியலில் உள்ள முப்பத்திரண்டு பேரும் அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கிறார்கள் என்று உறுதி கூறுகிறேன்.' கீழ கையெழுத்து. மேயர் க்ருமோவ்."

அறையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. மெத்தோடிக்கு இப்போதுதான் முழுதாக விளங்கியது. ஆட்களை அங்கே குடிவைத்தது தேர்தலுக்கு. சீட்டு விழாமல் ஒருவரும் போய் எண்ணிப் பார்க்க முடியாத வீடு நாட்டிலேயே அது ஒன்றுதான். யோசித்துத்தான் பிடித்திருக்கிறார்.

"மேயர் சார் எத்தனை ஓட்டுல ஜெயிச்சாரு?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டான்.

"பத்தொம்பது," என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

"முப்பத்தோரு பேர் அங்க இல்லேன்னா," என்றாள் பிஸ்த்ரா மெதுவாக, "மேயர் சார் மேயர் இல்ல. அவங்க அங்க இருந்தா, அவங்களுக்குப் பெயர்நாள் உண்டு. பெயர்நாள் உண்டுன்னா விருந்தாளி வரலாம், ராத்கா விட்டது ஆறாம் விதிப்படி சரி. எது நிஜம்னு நான் சொல்லப் போறதில்ல. நான் வெளியூர்க்காரி. ஊர்த்தலைவர் நீங்க சொல்லுங்க. இருக்காங்களா, இல்லையா?"

மேயர் தலையை ஒரு மாதிரி ஆட்டினார். அது ஆமாமா இல்லையா என்று யாருக்கும் புரியவில்லை.

"தலையாட்டறதை எழுத முடியாது," என்றார் வெலிச்கோவா, பேனாவைத் தூக்கிப் பிடித்து. "வாயால சொல்லுங்க."

க்ருமோவ் ராத்காவைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார்.

"இருக்காங்க," என்றார்.

"கேக்கல."

"முப்பத்தோரு பேரும் அங்கதான் குடியிருக்காங்க. முன்னாடி சொன்னது... அவசரத்துல வாய் தவறிப் போச்சு."

"அப்ப இந்தம்மா மேல?"

"புகார் எதுவும் இல்ல."

ராத்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.  சொல்ல வைத்திருந்த மூன்று ஜோக்குகளையும் மெத்தோடி விழுங்கினான்.

வெலிச்கோவா பக்கத்தைத் திருப்பினார். "டீச்சர், நீங்க ஏதாவது சொல்லணுமா?"

"ஒரு கணக்கு சொல்லணும்," என்று டீச்சர் எழுந்தார். "அறுபது சீட்டுல இருபதை மூணு தடவைக்கு மேல தோத்தவங்களுக்குன்னு தனியா எடுத்து வைங்க. அவங்களுக்குள்ள குலுக்குங்க. இன்டர்நெட் இல்லாதவங்க வாசல்லயே பேர் குடுக்கட்டும். ஏரிக்கு அறுபது பேருக்கு மேல ஒருத்தரும் வேண்டாம், விருந்தாளியும் சேத்துத்தான். இதைப் பண்ணுங்க. நான் வாழ்த்து ஒட்டறதை நிறுத்திடறேன்."

"எழுதிக் குடுங்க. வர்ற மாசமே வெச்சுப் பாப்போம்." வெலிச்கோவா பேனாவை மூடி, காகிதங்களை அடுக்கினார். பிறகு கூட்டம் ஆரம்பித்ததிலிருந்து முதல் முறையாக மேயரை நேராகப் பார்த்தார். "எனக்கும் ஒரு கடமை இருக்கு மேயர் சார். பாதுகாக்கப்பட்ட எல்லைக்குள்ள குடியிருக்கிறவங்களை வருஷத்துக்கு ஒரு தடவை நான் நேர்ல பாத்துக் கையெழுத்து வாங்கணும். ஒருத்தர்தான்னு நினைச்சு இத்தனை நாள் போகாம விட்டுட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில பத்து மணிக்குக் கோஷாரா வரேன். முப்பத்தோரு பேரையும் வீட்டுலயே இருக்கச் சொல்லுங்க."

மேயர் தண்ணீர்க் கோப்பையை எடுத்தார். அது காலியாக இருந்தது. நிரப்பித் தர யாரும் எழுந்திருக்கவில்லை.

வெல்கோ முன்னால் வந்து, தொப்பியையும் சாவியையும் ராத்காவிடம் இரண்டு கையாலும் நீட்டினான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கடைசி பஸ் ஆறே காலுக்கு. மேலே இன்னும் ஆட்கள் இருந்தார்கள், இறங்கி வருகிறவர்களுக்கு வாசலைத் திறக்க வேண்டும். ராத்கா தொப்பியைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.